பொங்கியாத்தா வூட்டு வெதை

முந்தி முந்தி, இந்த நொச்சிக்காட்டுவலசுல ஓட்டு வூடுன்னு ஒண்ணுகூட இல்லாத காலத்துல, எண்ணி இருவது கூரை வூடு இருந்துச்சாமா. இருவது வூட்டுக்கும் பொறத்தால இருவது பொடக்காளி. பொடக்காளின்னா வூட்டுக்குப் பின்னால இருக்கற எடம், சம்பந்தியம்மா. உங்க திருப்பூருல அந்த எடத்துல பைக்கு நிறுத்துவீங்க. நாங்க பந்தல் போடுவோம்.

தட்டப்பயிற மடியில போட்டுக்கங்க, பூசாரி நம்ம பேரு கூப்புடற வரைக்கும் இந்த வேப்பமரத்தடியில உக்காந்து உரிச்சுக்கிட்டே கேளுங்க. சித்தெ முன்னால நீங்க சிரிச்சீங்க. பல்லுத்தடம் பட்ட சொரக்காயக் கொண்டுபோயி மாரியாத்தா முன்னால வெக்கறாங்களே, இதென்ன கூத்துன்னு. அந்தக் கூத்தத்தா சொல்லப் போறேன். சௌமியா, நீ எதுக்கு மூஞ்சிய அக்கட்ட திருப்பிக்கற? உங்கம்மா சிரிச்சதுக்கு நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. இக்கட்ட வந்து உக்காரு.

அந்த இருவது வூட்டுல ஒரு வூட்டுக்கு வெதைக்காரி வூடுன்னு பேரு. அந்த வூட்டுப் பொம்பள பொங்கியாத்தா. அவ மாமியா, அந்த மாமியாளுக்கு மாமியான்னு மூணு தலமொறையா அந்த வூட்டுல சொரை வெதை காப்பாத்திக்கிட்டு வந்தாங்களாமா. நல்லா முத்துன காயக் கொடியிலயே காய விட்டு, குடுக்கையாக்கி, வெதைய அதுக்குள்ளயே போட்டு, சாம்பலு கலந்து, வாயத் துணியில கட்டி, அடுப்புக்கு மேல பொகை படற எடத்துல தொங்க விட்டிருப்பாங்க. தை பொறந்தா, வெதை கெட்டுப் போனவிய நாலு வூடு அஞ்சு வூடு அவ வாசல்ல வந்து நிப்பாங்க. வூட்டுக்கு அஞ்சு வெதை. எண்ணித்தா குடுப்பா. குடுக்கறப்ப ஒரு சொல்லு சொல்லுவாளாமா. "இது பொங்கியாத்தா வெதை. கசக்காது." அதுல ஒரு மெதப்பு அவளுக்கு. இருக்காதா பின்ன, ஊரு வந்து கையேந்தி நிக்கறப்ப.

அந்தப் பொங்கியாத்தாளுக்கு ஒரு மருமக. பேரு நாச்சி. அமராவதி ஆத்தங்கரையில பொறந்தவ. இடுப்புல ஒரு பொட்டப்புள்ள, இன்னும் பால்குடி மறக்கல. மாமியாளும் மருமகளும் எப்பிடின்னு கேப்பீங்க. சண்டையுமில்ல, கொஞ்சறதுமில்ல. பொங்கியாத்தா சொல்லுவா, நாச்சி செய்வா. அப்பிடித்தா.

அந்த வருசம் ஆடியில ஒரு தூறலு. பொரட்டாசி பொய்யி. ஐப்பசியில வானத்துல ஒரு துண்டு மேகமில்ல. கம்பும் வல்ல, ராகியும் வல்ல. ஆம்பளைக மாடு கண்ண ஓட்டிக்கிட்டு மேக்கால மலைக்குப் போயிட்டாங்க, புல்லுத் தேடி. நாச்சி புருசன் சென்னியப்பனும் போயிட்டான். ஊர்ல பொம்பளைக, புள்ளைக, நடக்க மாட்டாத கெழடுக. மொருங்கத்தழையும் ஒரு கை கம்புமா மார்கழி வரைக்கும் ஓட்டினாங்களாமா. மார்கழியில கம்பும் தீந்துச்சு. நாச்சிக்குப் பால் வத்திப் போச்சு. புள்ள அழுது அழுது, அப்பறம் அழுவற சத்தமே கொறைஞ்சு போச்சாமா. அது இன்னும் பயம்.

அப்ப ஒரு நாலு நாளைக்குப் பொங்கியாத்தா மருமகளுக்கு மொருங்கத்தழையோட ஒரு பொடி கலந்து குடுத்தா. உப்புப் போட்டு வறுத்து இடிச்ச பொடி. நல்ல வாசம். நாச்சியும் கேக்கல, அவளும் சொல்லல. பசியில கேள்வி ஏது? பால் கொஞ்சம் ஊறுச்சு, புள்ள மறுபடி சத்தமா அழுதுச்சு. அஞ்சாம் நாள் நாச்சி நிமுந்து பாக்கறா. அடுப்புக்கு மேல குடுக்கை ஆடிக்கிட்டிருக்குது. காத்துக்கு ஆடற ஆட்டத்துலயே தெரிஞ்சுபோச்சு, உள்ள ஒண்ணுமில்லைன்னு.

தை பொறந்துச்சு. பொங்கியாத்தா மருமகளக் கூப்புட்டா.

"நாச்சி, உன்ற கூடப் பொறந்தவங்கிட்டப் போயி சொரை வெதை வாங்கிக்கிட்டு வா. ஊருக்குத் தெரியக் கூடாது."

"வெதை இல்லைன்னு சொல்லிப்போட்டா என்னங்க அத்தை? இந்தப் பஞ்சத்துல யாரு என்ன கேக்கப் போறாங்க?"

"இந்த வூட்டு வாசல்ல வந்தவிய வெதை இல்லாமத் திரும்பினதில்ல. எம்பட காலத்துல அது நடக்காது. புள்ள தலையில கைய வெச்சுச் சொல்லு, யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு."

நாச்சி புள்ள தலையில கைய வெச்சுச் சொன்னா. சொல்லிட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரு பகல் நடை நடந்து ஆத்தங்கரைக்குப் போனா. பொறந்தவன் மூணு குடுக்கை குடுத்தான். "ரெண்டு நம்ம பந்தல் காயி. மூணாவது ஆத்தோர வேலியில தொங்குச்சு, போதாதேன்னு அதையும் பறிச்சு வெச்சேன்"னானாமா. நாச்சி அத ஒரு காதுல வாங்கினா, அவ்வளவுதா. ஒடம்புல வலுவில்லாதவ, வூடு போயிச் சேந்தாப் போதும்னு இருந்துச்சு அவளுக்கு.

பொங்கியாத்தா மூணையும் ஒடச்சா. வெதை அத்தனையும் தன்ற பழைய குடுக்கையில கொட்டினா. சாம்பலப் போட்டுக் குலுக்கினா. வாயக் கட்டி, அடுப்புக்கு மேல தொங்க விட்டா. இப்ப அது பொங்கியாத்தா வெதை ஆயிப்போச்சு பாருங்க.

எப்பவும் நாலு வூடு அஞ்சு வூடு வரும்னு சொன்னனில்ல? அந்த வருசம் பத்தொம்பது வூடும் வந்துச்சாமா. மனசுல முடிஞ்சு வெச்சுக்கங்க இத, பின்னால வேணும். பத்தொம்பது வூடும் ஏன் வந்துச்சுன்னு பொங்கியாத்தா யோசிக்கல. ஊருக்கு நம்ம மேல இத்தன நம்பிக்கையான்னு அவ நெஞ்சு நெம்பிப் போச்சு. ஒவ்வொரு கையிலயும் அஞ்சு அஞ்சா வெச்சா. பத்தொம்பது தடவ சொன்னா. "இது பொங்கியாத்தா வெதை. கசக்காது." கொரலு ஒரு தடவகூட நடுங்கல. நாச்சி கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தா.

அந்தத் தையில எங்கூருப் பொம்பளைக பொடக்காளியத் திருத்துன மாதிரி அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்லைன்னு சொல்லுவாங்க. காடு கைவிட்டுருச்சு. இனி இந்த நாலு மொழந்தா சோறு. மம்மட்டி புடிக்க வலுவில்லாதவிய கம்பியிலயும் குச்சியிலயும் தோண்டினாங்க. மொழங்கை ஆழத்துக்குக் குழி. அதுல அடுப்புச் சாம்பலு, ஆட்டுப் புழுக்கை, மக்குன குப்பை, காஞ்ச வேப்பந்தழை. சாணித் தண்ணியில ஊற வெச்ச வெதைய, கூரு மொனை கீழ பாக்க ஊனினாங்க. தண்ணி? ஊருக்கே ஒரு கெணறு, அதுலயும் கலங்கல். குடிக்க எடுத்தது போக, பாத்திரங் கழுவுன தண்ணி, புள்ள குளிச்ச தண்ணி, மொகங் கழுவுன தண்ணி, எல்லாம் குழிக்குத்தா. மொகத்தைக் குழிக்கு மேல குனிஞ்சு வெச்சுத்தா கழுவினாங்களாமா.

மாசியில கொடி ஏறுச்சு. பந்தல் பச்சையாச்சு. சாயங்காலமானா வெள்ள வெள்ளயா பூவு. பிஞ்சு விழுந்தப்ப, பொம்பளைக பந்தலுக்கு அடியில உக்காந்துக்கிட்டு வாயிலயே சமைப்பாங்களாமா. ஒருத்தி சொல்லுவா, "தட்டப்பயிறும் சொரக்காயும் போட்டு, புதுப்புளி கரைச்சு ஊத்தி, கொதிக்கறப்ப எறக்கோணும்." இன்னொருத்தி, "தோலச் சீவி வீசிப்போடாத, வதக்கித் தொவையல் அரை." இன்னொருத்தி, "கொழுந்த ஆய்ஞ்சு பொரியல் பண்ணி, வேப்பம்பூவ நெய்யில பொரிச்சு மேல தூவு." நெய்யிக்கு எங்க போறதுன்னு யாரும் கேக்கல. பேச்சுலதான, எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்கலாம்.

ஆனா பறிக்கக் கூடாது. பங்குனி மாரியாத்தா பொங்கல் வரைக்கும் கை வெக்கக் கூடாது. மொதக் காயி மாரியாத்தாளுக்கு. அவ நாக்குல படறதுக்கு முன்ன நம்ம நாக்குல படக் கூடாது. வூட்டுக்கு ஒரு காய் கொண்டாந்து, எல்லாத்தையும் ஒரே அண்டாவுல அரிஞ்சு போட்டு, படைச்சு, ஊரே உக்காந்து திங்கோணும். எலையில ஒரு பருக்கை மீறக் கூடாது. பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வர்றப்பவும், தலைக்கு மேல காயத் தொங்க விட்டுக்கிட்டு, அத்தன பேரும் காத்துக்கிட்டிருந்தாங்க.

பங்குனி பொறந்து ஒரு வாரம். பொங்கலுக்கு ரெண்டு நாளு இருக்குது. காலம்பர நாச்சி புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டுப் பொடக்காளிக்குப் போறா. ஒரு பிஞ்சு கீழ கெடக்குது. அணில் கடிச்ச தடம். ஒரே ஒரு கடி. கடிச்சுட்டு அப்பிடியே போட்டுட்டுப் போயிருக்குது.

நாச்சிக்குச் சுருக்குன்னுச்சு. எலும்புந் தோலுமாத் திரியற அணிலு, வாயில கெடச்ச காய விட்டுட்டா போவும்? கடிச்ச எடத்துல நீரு கசிஞ்சு நிக்குது. வெரல்ல தொட்டா. நாக்கு நுனியில வெச்சா.

தொண்டை வரைக்கும் எறங்குச்சாமா அந்தக் கசப்பு. மூணு தடவ வாய் கொப்புளிச்சும் போகல. ஆத்தங்கரையில பொறந்தவளுக்கு அது என்னன்னு தெரியும். பேய்ச்சொரை. கொடி, பூவு, காயி, எல்லாம் நல்ல சொரை மாதிரியேதா இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தா தெரியும். அவ சின்னப் புள்ளையா இருக்கறப்ப, அவிய ஊர்ல ஒரு வூட்டுல அந்தக் காயக் கொழம்பு வெச்சுத் தின்னு, மூணு பேரு வாந்தியும் ரத்தமுமாக் கெடந்து, ஒருத்தரு பொழைக்கல. இப்பத்தா அவளுக்கு அந்த மூணாவது குடுக்கை நெனப்புக்கு வருது. ஆத்தோர வேலி.

ஓடறா மாமியாகிட்ட. "அத்தை, காயி கசக்குதுங்க. பேய்ச்சொரைங்க."

பொங்கியாத்தா அடுப்பு ஊதிக்கிட்டிருந்தவ திரும்பினா. மொதக் கேள்வி என்ன கேட்டா தெரியுங்களா? "நாக்குல வெச்சயா? மாரியாத்தாளுக்கு முன்ன உன்ற நாக்குல வெச்சயா?"

"வெச்சேனுங்க."

"கன்னத்துல போட்டுக்க."

நாச்சி போட்டுக்கிட்டா. போட்டுக்கிட்டுச் சொன்னா, "மத்த வூட்டுலயும் இது கலந்திருக்குமுங்க. எந்தக் கொடின்னு தெரியாது. ஊரக் கூட்டிச் சொல்லிப்போடோணுமுங்க."

பொங்கியாத்தா எந்திரிச்சுப் போயி கதவச் சாத்திட்டு வந்தாளாமா. "நம்ம கொடிய மட்டும் புடுங்கிப் போடு. அணில் நாசம் பண்ணிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"மீதி பத்தொம்பது வூடுங்க அத்தை."

"எம்பட வெதை கசக்காது."

"அது உங்க வெதை இல்லீங்களே."

"வாய மூடு. புள்ள தலையில கைய வெச்சிருக்கற, மறந்துராத."

பாருங்க, வூட்டுக்குள்ள இருக்கறது ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் நெசம் தெரியும். கதவும் சாத்தியிருக்குது. அப்பவும் அவ வாயி எம்பட வெதைன்னுதா சொல்லுது. இந்த எடத்துக்கு வந்தா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். ஊர்ல பொங்கியாத்தாளப் பெருமையாத்தா சொல்லுவாங்க. எனக்குப் பெருமையா வல்ல. கூட இருந்திருந்தா அவ தோளப் புடிச்சு உலுக்கியிருப்பேன்.

நாச்சி கொடியப் புடுங்கினா. புடுங்கிட்டுப் பூசாரிகிட்டப் போனா. வெதை எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது, சத்தியம் பண்ணியிருக்கறா. அதனால அணில் கடிச்ச கதைய மட்டும் சொல்லி, "ஒவ்வொரு காயையும் ஒரு துண்டு நாக்குல வெச்சுப் பாத்துட்டு அண்டாவுல போடலாமுங்க"ன்னா.

பூசாரி கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. "ஏம்மா, மாரியாத்தா மழையத்தா புடுங்கிக்கிட்டா. எச்சிக் காய வெச்சு அவள இன்னும் உசுப்பிவிடச் சொல்றயா? பொங்கியாத்தா வெதைம்மா அது. மூணு தலமொறையாக் கசந்ததில்ல. போ, போயிப் புள்ளையப் பாரு."

நாச்சிக்கு ரெண்டு நாளும் ஒரே கணக்குத்தா மனசுல. ஒரே அண்டா. ஒரு காய் கசந்தாலும் அத்தன சோறும் வெசம். கசக்குதுன்னு தெரிஞ்சாலும் ஒருத்தரும் துப்ப மாட்டாங்க. மாரியாத்தா சோத்தத் துப்பறதா? புள்ளைக மொகத்தச் சுளிச்சா, ஆத்தாக்காரியே வாயப் பொத்தி முழுங்க வெப்பா. இத்தன நாள் பசியில காஞ்ச வயிறு. மொதல்ல புள்ளைகதா போவும்.

பொங்கல் நாளு. புதங்கெழமை. இதா, இந்த வேப்பமரத்தடிதா. இதே கல்லு மேலதா பத்தொம்பது வூட்டுக் காயையும் அடுக்கி வெச்சிருந்தாங்க. அண்டாவுல ஒலை கொதிக்குது. புள்ளைக சுத்தி நின்னுக்கிட்டு எச்சி முழுங்குதுக. பொங்கியாத்தா காயில்லாம, ஒரு மொறத்துல மொருங்கக்கா கொண்டாந்து வெச்சா. "அணிலு"ன்னா. அல்லாரும் உச்சுக்கொட்டினாங்க.

பூசாரி அருவாமனைய எடுக்கறாரு. கூட்டத்துல இருந்து நாச்சி வெளிய வந்தா. இடுப்புல புள்ள. நேரா கல்லுகிட்டப் போனா. மேல இருந்த காய எடுத்தா. கடிச்சா.

மென்னா, துப்பினா, "இது நல்லது"ன்னு எடது பக்கம் வெச்சா. அடுத்தது. கடிச்சா, துப்பினா, "நல்லது." அடுத்தது, "நல்லது." நாலாவதக் கடிச்சவ மொகம் கோணிப் போச்சு. அத வலது பக்கம் வெச்சா. புள்ள இடுப்புல இருக்கறதால யாருக்கும் அவளப் புடிச்சு இழுக்கக் கையி வல்ல. பத்தொம்பதையும் கடிச்சு முடிச்சப்பறந்தா நின்னா. பதினாறு எடப்பக்கம். மூணு வலப்பக்கம்.

அப்பறந்தா சத்தம் கெளம்புச்சு. "எச்சி பண்ணிட்டா. பசி பொறுக்காம எச்சி பண்ணிட்டா"ன்னு பொம்பளைக தலையில அடிச்சுக்கிட்டாங்க. பூசாரி அருவாமனைய வெச்சுட்டு உக்காந்துட்டாரு. ஊருப் பெரிய மனுசன் நாட்ராயன், வயசாளி, மலைக்குப் போகாம ஊர்லயே இருந்தவரு, தடிய ஊனிக்கிட்டு முன்னால வந்தாரு.

"ஏனம்மா இப்பிடிப் பண்ணின?"

"இந்த மூணும் பேய்ச்சொரைங்க. தின்னா உசுரு போயிருமுங்க."

நாட்ராயன் அந்த மூணையும் பாத்தாரு. அந்தப் பதினாறையும் பாத்தாரு. பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதா இருக்குது. "கசப்பு நெசம்னா, நீ பண்ணினது தப்பில்ல. பொய்யின்னா, நீ இந்த ஊர்ல இருக்க முடியாது, உன்ற பொறந்த வூட்டுக்குப் போயிரு. படைக்காம இதுல நாங்க யாரும் நாக்க வெச்சுப் பாக்க முடியாது. வெதை குடுத்தவ பொங்கியாத்தா. அவ சொல்லட்டும். அவ சொன்னா ஊரு கேக்கும்."

அல்லாரும் பொங்கியாத்தாளப் பாக்கறாங்க.

"சொல்லு பொங்கியக்கா. உன்ற வெதை கசக்குமா?"

நாச்சி மாமியா மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறா. "அத்தை, சொல்லுங்க"ன்னா. அம்புட்டுத்தா கேட்டா.

பொங்கியாத்தா வாயத் தொறந்தா. மூடினா. அதுக்குள்ள ஊரு பேச ஆரம்பிச்சுருச்சு. "அதெப்பிடிக் கசக்கும், அவ மாமியா காலத்து வெதை." "மூணு தலமொறைங்க, ஒரு நாளு கசந்ததில்ல." "எங்கூட்டுக்கு அஞ்சு வெதையும் பழுதில்லாம மொளச்சுச்சு." அவிய பெருமையச் சொல்லச் சொல்ல, அவ முந்தானைய இழுத்துத் தோள மூடிக்கிட்டா. ஒத்தச் சொல்லு சொன்னாப் போதும். எம்பட வெதை இல்லீங்க. அவ்வளவுதா. அது வல்ல.

நாச்சி புள்ளையச் சரியா இடுப்புல வெச்சுக்கிட்டு, வலசு எல்லையப் பாத்து நடக்க ஆரம்பிச்சா. சத்தியத்த ஒடைக்கல அவ. அப்பிடியே போறா.

பத்து எட்டு போயிருப்பா. பொங்கியாத்தா எந்திரிச்சா. கல்லுகிட்டப் போனா. வலப்பக்கம் இருந்த மூணுல ஒண்ண எடுத்தா. மருமக கடிச்ச தடத்துலயே வாய வெச்சுக் கடிச்சா. துப்பல. மென்னு முழுங்கினா. மறுபடி கடிச்சா, முழுங்கினா. கண்ணுல தண்ணி ஊத்துது, மொகம் கோணுது, தோலோட வெதையோட தின்னுக்கிட்டே நிக்கறா. ஊரு வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குது. நாச்சி திரும்பிப் பாத்துட்டு ஓடி வந்து கையத் தட்டிவிட்டா. "துப்புங்க அத்தை, துப்புங்க."

"தள்ளு. புள்ளைய வெச்சிருக்கற, அது வாயில பட்டுரப் போவுது"ன்னாளாமா பொங்கியாத்தா. அதுக்குள்ள முக்காவாசிக் காயி உள்ள போயிருச்சு.

கொதிச்ச ஒலை வத்தறதுக்குள்ள வாந்தி ஆரம்பிச்சுச்சு. அப்பறம் ரத்தம். உப்புத் தண்ணி குடுத்தாங்க, கருப்பட்டித் தண்ணி குடுத்தாங்க, எதுவும் நிக்கல. வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிப் படுக்க வெச்சாங்க. ஊரு நம்பிருச்சு. அந்த மூணு காயையும் குழி தோண்டிப் பொதைச்சாங்க. மத்த கொடியிலயும் காய நாக்குல வெச்சுப் பாத்து, கசந்ததப் புடுங்கிப் போட்டாங்க. ஒரு உசுரு போறதப் பாத்தாத்தா ஊரு நம்பும் போல.

அன்னிக்குச் சாயங்காலம் பத்தொம்பது வூட்டுப் பொம்பளைகளும் ஒவ்வொருத்தரா வந்து பாத்தாங்க. பொங்கியாத்தாளுக்குக் கொரலு பாதிதா வருது. மொதல்ல வந்தவ கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா, "அது எம்பட வெதை இல்ல அம்மணி. எம்பட வெதைய மார்கழியில நாந்தா வறுத்துத் தின்னுட்டேன். என்ன மன்னிச்சுரு."

அந்தப் பொம்பள என்ன சொன்னா தெரியுங்களா?

"நாங்களுந்தா தின்னோம் அக்கா. பின்ன எதுக்கு உங்கிட்ட வந்து நின்னோம்?"

ரெண்டாவது வந்தவளும் அதத்தா சொன்னா. மூணாவது வந்தவளும் அதத்தா. பத்தொம்பது வூடும் வெதையத் தின்னுட்டுத்தா இருந்திருக்குது. புள்ளைக அழுவறப்ப எவதா அடுப்புக்கு மேல தொங்கறத விட்டு வெப்பா? ஒருத்திகிட்ட ஒருத்தி சொல்லல. வெதை பூச்சி விழுந்துருச்சு, எலி தின்னுருச்சுன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிருக்கறாங்க. பத்தொம்பது தடவ அவ சொன்னா. பத்தொம்பது தடவயும் அதே பதிலு. கடைசியா வந்தவ போனப்பறம் பொங்கியாத்தா சிரிச்சாளாமா. சிரிச்சா வலிக்கும், வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாளாமா. அப்பறம் பேச்சு இல்ல. வெள்ளிக்கெழமை காலம்பர போயிட்டா.

எனக்கு நெஞ்சு ஆறவே ஆறாது இதுல. தையில வாசல்ல நின்ன பத்தொம்பது பேருகிட்ட, எங்கிட்ட வெதை இல்ல அம்மணி, தின்னுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே அல்லாரும் சேந்து சிரிச்சிருப்பாங்க. உக்காந்து அழுதிருப்பாங்க. சேந்து போயி நல்ல வெதை தேடியிருப்பாங்க. வெறும் மானத்துக்குச் செத்தா மகராசி.

அடுத்த பங்குனி. மழை பேஞ்சு, ஆம்பளைக திரும்பி வந்து, ஊரு நிமுந்துக்கிச்சு. பொங்கலுக்குக் காயி அடுக்கறாங்க. நாச்சி வந்தா. யாரையும் கேக்கல. இந்தக் கல்லு மேல காய வெச்சுக்கிட்டு, ஊரு கேக்கறாப்புல சொன்னா. "இது எம்பட பொறந்தவன் குடுத்த பந்தல் வெதை. எங்க வூட்டு வெதைய எங்கத்தை தின்னல. வறுத்து இடிச்சு எனக்குக் குடுத்தாங்க, புள்ளைக்குப் பாலு வேணும்னு. தின்னது நானு." சொல்லிட்டுக் கடிச்சா. கடிச்ச காயத்தா மாரியாத்தா முன்னால வெச்சா. பூசாரி வாங்கிக்கிட்டாரு.

அன்னையில இருந்து இன்னிக்கு வரைக்கும் அப்பிடித்தா. வூட்டுக்குப் பெரியவ, அதாவது மாமியா, இந்தக் கல்லுகிட்ட நின்னு வெதை எங்கிருந்து வந்துச்சுன்னு ஊரு கேக்கச் சொல்லோணும். சொல்லிட்டுக் கடிக்கோணும். மருமக பக்கத்துல தண்ணிச் சொம்போட நிக்கோணும், கசந்தா கொப்புளிக்க. கல்லுக்குச் சொல்லுகல்லுன்னு பேரு வந்தது அதுலதா. கசக்கற காயி இந்தக் காலத்துல எங்க வருது? வந்ததில்ல. இருந்தாலும் சொல்லாமக் கடிக்கற பழக்கம் இங்க இல்ல.

நாச்சிக்கு அப்பறமாப் பொறந்த மகன், பேரன்னு வந்த வழிதா எங்க வூடு. வெதைக்காரி வூடு. அந்தக் குடுக்கை இல்ல, அது எப்பவோ ஒடஞ்சு போச்சு, ஆனா எங்க வூட்டு அடுப்புக்கு மேல இன்னும் ஒரு குடுக்கை தொங்கறதப் பாத்திருப்பீங்க சம்பந்தியம்மா. தையில நாலு வூட்டுக்கு வெதை அதுல இருந்துதா குடுத்தேன். குடுக்கறப்ப நானும் சொன்னேன், எங்க வூட்டு வெதை, கசக்காதுன்னு.

உரிச்சது போதும், வையுங்க. பூசாரி பேரு கூப்புட ஆரம்பிச்சுட்டாரு. நாம மூணாவது.

போன ஐப்பசி மழையில ஓடு ஒழுகி குடுக்கைக்குள்ள தண்ணி எறங்கிருச்சு. அத்தன வெதையும் பூஞ்சக்காளான். சௌமியா, உனக்குக்கூடச் சொல்லல நானு. தாராபுரத்துக் கடையில நாலு பாக்கெட்டு வெதை வாங்கியாந்து, சாம்பலப் போட்டுக் குலுக்கி, அதுக்குள்ள கொட்டினேன். நீ அன்னிக்குப் பொடக்காளியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்த. மூணு மாசமா இது தொண்டையில நிக்குது. உங்கம்மா சிரிக்காம இருந்திருந்தா இத்தன நேரம் பழமை பேசியிருக்க மாட்டேன், எந்திரிச்சுப் போயி பொங்கியாத்தாளாட்டமே எம்பட வெதைன்னு சொல்லிட்டுக் கடிச்சிருப்பேன்.

அந்தக் காய இக்கட்ட குடு. பாக்கறதுக்கு நல்லாத்தா இருக்குது. நீ சொம்ப எடுத்துக்கிட்டு வா, எம் பக்கத்துலயே நில்லு. பாக்கெட்டு வெதைன்னு நான் சொல்றப்ப அந்த நாலு வூட்டுக்காரிகளும் என்னத்தா பாப்பாங்க. பாக்கட்டும். நீ மட்டும் எங்கயும் போயிராத.